முந்நூறு ஞாயிற்றுக்கிழமைகள்

பழைய நைட்டி ஒன்று, தேய்ந்துபோன டூத் பிரஷ் ஒன்று, ஓரம் கறுத்த பிளாஸ்டிக் கிண்ணம், தரையில் விரிக்க நேற்றைய பேப்பர். ஓசூர் சிப்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வீட்டில், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, காலை ஏழு மணிக்கு இந்த நான்கும் பாத்ரூம் வாசலுக்கு வந்துவிடும். கணவரும் மகளும் அதற்கு முன்பே குளித்து முடித்துவிட வேண்டும். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு பாத்ரூம் கண்ணாடி 'இன்ஸ்பெக்‌ஷன் அக்கா'வுக்கு மட்டும்தான் சொந்தம்.

அந்தப் பெயர் வேலை செய்யும் இடத்தில் வைத்தது. வாகன உதிரி பாகங்கள் தயாரிக்கும் ஓர் ஆலையில் கடைசிக்கட்டப் பரிசோதனையில் இருப்பவர். வயது 49. கையில் எடுக்கும் பாகத்தில் மயிரிழை அளவுக்குக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துச் சிவப்புப் பெட்டியில் ஒதுக்கிவிடுவார். அந்தக் கண்ணுக்கு, சொந்த வகிட்டில் பத்தாம் நாளே எட்டிப் பார்க்கும் வெள்ளைக் கோடு தப்புமா? பதினைந்தாம் நாள் அடுத்த பாக்கெட்டைக் கிழித்துவிடுவார். 36 வயதில் ஆரம்பித்த பழக்கம் இது.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறும் அப்படித்தான் போனது. மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்ப நாலரை மணிக்கு எழுந்தவருக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் வீங்கியிருந்தன. நெற்றியோரமும் காது மடலும் சிவந்து, தலை முழுக்க ஒரே அரிப்பு. குளவி கொட்டிவிட்டதோ என்று பதறிய கணவர், விடிந்ததும் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் பார்த்த மாத்திரத்தில் கேட்ட முதல் கேள்வி, "நேத்து டை அடிச்சீங்களா?"

"ஆமா சார். ஆனா பதிமூணு வருஷமா அதே டைதான் போடறேன். ஒரு தடவைகூட ஒண்ணும் ஆனதில்லையே?"

"அத்தனை வருஷம் போட்டதாலதாம்மா இப்ப ஆயிருக்கு."

கறுப்பு நிறம் தரும் நிரந்தரச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் பாரா ஃபினைலின் டை அமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சுருக்கமாக பி.பி.டி. பாக்கெட்டில் வரும் இன்னொரு திரவமான ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேரும்போது இது முடிக்குள் புகுந்து, அங்கேயே பெரிய நிறமூலக்கூறாக மாறி உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் போவதில்லை. பலருக்கும் இது வாழ்நாள் முழுக்க ஒன்றும் செய்யாது. சிலருக்கு மட்டும், திரும்பத் திரும்பத் தோலில் படப்பட, உடம்பின் எதிர்ப்பு சக்தி ஒரு நாள் அதை எதிரி என்று முடிவு செய்துவிடும். ஒருமுறை அப்படி முடிவு செய்துவிட்டால், பிறகு சமாதானமே கிடையாது. அடுத்த தடவை இன்னும் மோசமாக வரலாம். 'அமோனியா இல்லை' என்று அட்டையில் எழுதியிருந்தாலும் உள்ளே பி.பி.டி இருக்கலாம். 'கறுப்பு மருதாணி' என்ற பெயரில் விற்கும் பல பொடிகளுக்கும் கறுப்பைக் கொடுப்பது இதுதான்.

"வேற வழி இல்லையா சார்?"

"சுத்தமான மருதாணி போடலாம். வெள்ளை முடி செம்பட்டையா மாறும். அதுக்கு மேல அவுரிப் பொடி போட்டா கறுக்கும். ஆனா அதையும் சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் போடணும். இல்லன்னா அப்படியே விட்டுடுங்க."

அப்படியே விட்டுவிடுவது. கேட்க எளிதாகத்தான் இருந்தது.

வீங்கிய கண்ணோடு வீட்டில் படுத்திருந்த இரண்டு நாளும் அக்கா ஒரு கணக்குப் போட்டார். உற்பத்திக் கணக்கிலேயே ஊறிய தலை ஆயிற்றே. மாதம் இரண்டு தடவை, வருடத்துக்கு 24. பதின்மூன்று வருடத்துக்கு 312. ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம் என்றால் 624 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்டாகப் பிரித்தால் 78 ஷிஃப்ட். சம்பளமில்லாமல், விடுமுறை நாளில், பாத்ரூமில் நின்றுகொண்டே பார்த்த வேலை. 'யாருக்காகப் பார்த்தேன் இந்த வேலையை?' என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. பதிலும் உடனே வந்தது. அதை அவர் மறக்கவே இல்லை.

36 வயதில் அதுவரை வேலை பார்த்த சிறிய பட்டறை மூடப்பட்டது. வேறொரு இடத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். அப்போதே முன்நெற்றியில் ஒரு கொத்து வெள்ளை. அம்மா வழியில் எல்லோருக்கும் அப்படித்தான், முப்பதைத் தாண்டியதும் நரைக்கும். சான்றிதழ்களைப் புரட்டிய இளைஞர் நிமிர்ந்து தலையைப் பார்த்தார். "இங்க லைன் வேகமா ஓடும்மா. உங்களால ஈடுகொடுக்க முடியுமா?" என்றார். பிறந்த தேதி அவர் கையில் இருந்த காகிதத்திலேயே இருந்தது. ஆனாலும் அவர் நம்பியது தலையைத்தான். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெட்டிக்கடையில் வாங்கியதுதான் முதல் பாக்கெட். அடுத்த தேர்வுக்குக் கறுப்புத் தலையோடு போனார். வேலை கிடைத்தது. அந்த வேலைதான் இன்றுவரை.

ஓசூரைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இந்த ஊர் இளைஞர்களை வைத்தே வளர்ந்த ஊர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ் 50 மொபெட் இங்கிருந்து சாலைக்கு இறங்கியது. 80-களின் பிற்பகுதியில் டைட்டன் கடிகார ஆலை, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைச் சிற்றூர்ப் பள்ளிகளில் தேடித் தேடி எடுத்துப் பயிற்சி கொடுத்தது. வீட்டைவிட்டு முதன்முறையாக வந்த அந்தப் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்காக வாடகைக்கு வீடு பிடித்து, பெற்றோர் ஸ்தானத்தில் பார்த்துக்கொள்ளப் பெரியவர்களையும் அமர்த்தியது.

அன்று டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய தலைமுறைக்கு இன்று ஐம்பத்தைந்து, அறுபது வயது. ஓய்வுபெறும் விருந்தில் மாலையோடு நிற்கிறார்கள். அதே சாலையில் புதிய பேருந்துகள் ஓடுகின்றன. கெலமங்கலம் பக்கம் எழுந்திருக்கும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் வந்திருக்கிறார்கள், ஜார்க்கண்டிலிருந்துகூட. ஊருக்கே நரை விழும் நேரத்தில், ஊருக்குள் மறுபடி பதினெட்டு வயது வந்து இறங்குகிறது. இரண்டு தலைமுறையும் ஒரே டீக்கடையில் நிற்கும்போது, காதோர வெள்ளையை மறைக்க யாருக்குத்தான் தோன்றாது?

வேலைக்காகத் தலையின் நிறத்தை மாற்றியவர்கள் தமிழ்நாட்டில் இன்று நேற்று வந்தவர்கள் இல்லை. கரிகால் சோழன் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். வழக்கு ஒன்றைக் கொண்டுவந்த முதியவர்கள் இருவர், 'இந்தச் சின்னப் பையனா நீதி சொல்லப் போகிறான்?' என்று தயங்கினார்கள். அதைப் புரிந்துகொண்ட அரசன் உள்ளே போய், நரைமுடி தரித்து, கிழவர் வேடத்தில் வந்து தீர்ப்புச் சொன்னான். முதியவர்கள் திருப்தியாகப் போனார்கள். சொன்னவன் அதே ஆள், சொன்ன அறிவும் அதே அறிவு. அன்று நம்பிக்கை பெற வெள்ளை தேவைப்பட்டது. ஓசூர் நேர்முகத் தேர்வில் கறுப்பு தேவைப்பட்டது. எதிரே உட்கார்ந்திருப்பவர் தலையைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் மட்டும் மாறவே இல்லை.

அக்கா மூன்றாம் நாள் வேலைக்குப் போனார். 'கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கலாம்' என்ற அளவில்தான் முடிவு இருந்தது.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே முதல் மாதம் வகிட்டில் விரலகலத்துக்கு வெள்ளைப் பாதை. இரண்டாம் மாதம் அது சாலையானது. மூன்றாம் மாதம், மேலே வெள்ளை, கீழே சாயம் போன கறுப்பு என்று எல்லைக்கோடு கிழித்த மாதிரி தலை இரண்டாகப் பிரிந்தது. டை போடுவதை நிறுத்த நினைக்கும் பெண்களில் பலர் திரும்பிப் போவது இந்தக் கட்டத்தில்தான். நரையைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், இந்தப் பாதி நிலையைச் சகிப்பது கஷ்டம். பார்ப்பவர்களுக்கு அது முடிவாகத் தெரியாது, கவனிக்காமல் விட்ட மாதிரி தெரியும்.

கேள்விகள் வந்தன. ஓசூர் என்பதால் மூன்று மொழியிலும் வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் கன்னடத்தில், "யாக்கக்கா, டை ஹாக்கில்வா?" என்றார். மாடிவீட்டுப் பாட்டி தெலுங்கில், "ஏமம்மா, ரங்கு வேயலேதா?" என்றார். தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்திருந்த சித்தி தமிழில், "என்னடி, உடம்புக்கு முடியலையா?" என்று கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். அலர்ஜி என்று சொன்னால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். "ஐயோ பாவம்" என்றார்கள். நோய் என்றால் நரைக்கு மன்னிப்பு உண்டு. சும்மா விட்டிருக்கிறேன் என்றால்தான் இல்லை.

அவருக்கு உண்மையிலேயே வலித்தது வேறொன்று. லைனில் இருக்கும் பெண்கள் தலையில் தொப்பி போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார்கள். காதோரம் மட்டும்தான் வெளியே தெரியும். அது போதுமானதாக இருந்தது. ஏப்ரல் மாதம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அவரை 'அக்கா' என்று கூப்பிடவில்லை. 'அம்மா' என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் அன்று மதியம் கேன்டீனில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தைந்து வருடங்களாகக் கூடவே இருந்த ஒரு பெயர், மூன்று மாதத்தில் கழன்று விழுந்துவிட்டது.

வீட்டில் அவர் கணவருக்கு ஐம்பத்து நான்கு வயது. நாற்பதிலேயே முக்கால்வாசி நரைத்த தலை. ஒருநாள்கூட டை தொட்டதில்லை. "உங்களை யாராவது ஏன் போடலன்னு கேட்டிருக்காங்களா?" என்று அக்கா ஒரு இரவு கேட்டார். அவர் யோசித்துவிட்டு, "மங்காத்தா வந்தப்புறம் ரெண்டு பேர் நல்லாயிருக்குன்னாங்க" என்றார். 2011-ல் வந்த அந்தப் படத்தில், நாற்பது வயது அஜித்குமார் கறுப்பும் வெள்ளையும் கலந்த தலையோடு வந்து நின்றார், தியேட்டர் அதிர்ந்தது. அதற்குப் பிறகு பல படங்களில் அதுவே அவர் அடையாளம் ஆனது. ஆம்பளைக்கு வந்தால் ஸ்டைல், பொம்பளைக்கு வந்தால் உடம்பு சரியில்லை.

திரையில் இருக்கும் பெண்களுக்கும் இதே கதைதான். 'வாரணம் ஆயிரம்' படத்தில் நடித்த சமீரா ரெட்டி, 2021-ல் தன் நரைமுடியை மறைக்காமல் படம் வெளியிட்டார். ஏன் மறைக்கவில்லை என்று கேட்டது சொந்த அப்பாதான் என்பதையும், முன்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாயம் போட்டுக்கொண்டிருந்ததையும் அவரே சொன்னார். நடிகைக்கும் பரிசோதனைப் பிரிவு அக்காவுக்கும் அதே பதினைந்து நாள் கெடு.

கனடாவின் சி.டி.வி தொலைக்காட்சியில் முதன்மைச் செய்தி வாசிப்பாளராக இருந்தவர் லிசா லாஃப்லாம். 35 வருட அனுபவம். 2020-ல் கொரோனாவால் அழகு நிலையங்கள் மூடப்பட்டபோது சாயத்தை விட்டுவிட்டு, வெள்ளைத் தலையோடு செய்தி வாசித்தார். 2022 ஆகஸ்டில், தன் ஒப்பந்தத்தை நிறுவனம் முடித்துக்கொண்டதாக வீடியோவில் அறிவித்தார். அப்போது அவருக்கு 58 வயது. முடி நரைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது வணிக முடிவு என்று நிறுவனம் சொன்னது. மக்கள் நம்பவில்லை. பெரிய நிறுவனங்கள்கூடத் தங்கள் விளம்பர முகங்களுக்கு நரைமுடி வரைந்து அவருக்கு ஆதரவு காட்டின. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் மகள்தான் இந்தச் செய்தியை போனில் அம்மாவுக்குக் காட்டினாள். "பாரும்மா, எவ்ளோ அழகா இருக்காங்க" என்றாள்.

அதே மகள் ஜூன் மாதம் வேறு மாதிரி பேசினாள்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாத்தனார் இரண்டு நாள் முன்பே வந்துவிட்டார். வந்ததும் அண்ணியின் தலையைப் பார்த்து, "அண்ணி, பொண்ணோட அம்மாவா, பாட்டியான்னு கேக்கப் போறாங்க" என்றார். அக்கா சிரித்துச் சமாளித்தார். ராத்திரி மகள் பக்கத்தில் வந்து படுத்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அம்மா, அந்த மருதாணி, அவுரி... ஒரே ஒரு நாளைக்கு மட்டும் போட்டுக்கறியா?"

"போட்டுக்கலாம். எதுக்குன்னு சொல்லு."

"அவங்க ஏதாவது நினைப்பாங்களோன்னு..."

"என்ன நினைப்பாங்க?"

மகளுக்குப் பதில் தெரியவில்லை. உண்மையில் அம்மாவுக்கும் தெரியவில்லை. வயதான அம்மா என்றால் சீக்கிரம் மருமகன் தலையில் பாரம் விழும் என்று நினைப்பார்களோ? பெண்ணுக்கும் சீக்கிரம் நரைக்கும் என்று நினைப்பார்களோ? இரண்டாவதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. நரை எப்போது தொடங்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது பரம்பரைதான். 2016-ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஐ.ஆர்.எஃப்.4 என்ற மரபணுவுக்கு நரையோடு தொடர்பிருப்பதைக் கண்டறிந்தார்கள். அம்மா வழிப் பாட்டியின் தலை இந்த வீட்டில் இன்னும் ஒருத்திக்குக் காத்திருக்கலாம்.

அக்கா அடுத்த நாள் காலை மருதாணி கரைத்தார். கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தலைக்குப் போடவில்லை. கரைத்ததை எடுத்துப்போய் மகளின் இரண்டு கையிலும் வைத்துவிட்டார். "உனக்குத்தானே பொண்ணு பாக்க வர்றாங்க" என்றார். மகள் ஒன்றும் பேசவில்லை. கோபமா, சம்மதமா என்று தெரியவில்லை.

வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள், பாகலூர் ரோஜாத் தோட்டங்களைப் பற்றிப் பேசினார்கள், ஓசூர் வாடகை எப்படி ஏறிவிட்டது என்று வருத்தப்பட்டார்கள். முடியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது. நாத்தனார் மட்டும் இன்றுவரை முடிதான் காரணம் என்கிறார்.

அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. 'ஒரு நாளைக்குப் போட்டிருந்தால்தான் என்ன?' என்று அக்காவே தனக்குள் கேட்டுக்கொண்டார். போட்டிருந்தாலும் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறார். ஆனால் 36 வயதில் அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்தபோது இருந்த அதே பயத்தோடு மறுபடி ஒருமுறை கண்ணாடி முன்னால் நிற்க அவரால் முடியவில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மகள்தான் அவரைப் பார்லருக்கு அழைத்துப் போனாள். இடுப்புக்குக் கீழே இருந்த பின்னல். முக்கால்வாசி இன்னும் பழைய சாயம். "தோள்பட்டை வரைக்கும் வெட்டிடுங்க" என்று மகளே சொன்னாள். கத்தரி விழும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டார். தரையில் கிடந்த முடியைப் பார்த்தபோது, அதில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இருக்கும் என்று மனது கணக்குப் போட்டது. வெளியே வந்ததும் மகள், "இப்பதாம்மா நீ பாதியில நிறுத்தின மாதிரி தெரியல" என்றாள். அந்த ஜூன் ராத்திரிக்கு அவள் கேட்ட மன்னிப்பு அதுதான் என்று அம்மாவுக்குப் புரிந்தது.

அக்டோபரில் நடந்தது இது. ஓய்வறையில் அக்கா தொப்பியைக் கழற்றிவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண் ஒருத்தி, மற்றவர்கள் போகும்வரை அங்கேயே நின்றாள். 22 வயது. யாரும் இல்லை என்று உறுதியானதும் கேட்டாள்.

"அம்மா, நீங்க எப்படிம்மா நிறுத்தினீங்க?"

பிறகு தன் முடியை விலக்கிக் காட்டினாள். வேரில் அங்கங்கே வெள்ளை. பத்தொன்பது வயதிலிருந்தே இருக்கிறதாம். ஹாஸ்டலில் எல்லோரும் தூங்கிய பிறகு, ராத்திரி ஒரு மணிக்கு, குளியலறை விளக்கைப் போடாமல் போன் வெளிச்சத்தில் டை போடுகிறாள். ஊரில் அம்மாவுக்குக்கூட முழுதாகத் தெரியாது. கல்யாணப் பேச்சு தொடங்கியிருக்கிறது. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

அக்காவுக்கு என்ன சொல்வதென்று முதலில் தெரியவில்லை. 'விட்டுடு, என்னை மாதிரி இரு' என்று 22 வயதுப் பெண்ணிடம் சொல்வது எளிது. விலை கொடுக்கப் போவது அவள்தானே? அதனால் தனக்குத் தெரிந்த உருப்படியான இரண்டு விஷயங்களைச் செய்தார். முதல் விஷயம், வார விடுமுறையில் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனது.

நம் நாட்டில் 25 வயதுக்கு முன்பு நரைத்தால் அதை இளநரை என்று மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். முடியின் வேரில் மெலனின் என்ற நிறமியைச் செய்யும் செல்கள் இருக்கின்றன. அவை ஓய்ந்துவிட்டால் முளைக்கும் முடி நிறமில்லாமல் வருகிறது. பெரும்பாலும் பரம்பரைதான். சில சமயம் வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு, புகைப்பழக்கம் ஆகியவற்றோடும் அதற்குத் தொடர்பு இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் அந்தப் பெண்ணுக்கு பி12 மிகவும் குறைவு என்று தெரிந்தது. ஹாஸ்டல் சாப்பாடும், இரவு ஷிஃப்டில் தவறவிட்ட சாப்பாடும். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "முடி மறுபடி கறுக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா உன் கை கால் மரத்துப்போறது சரியாகும்" என்றார். மரத்துப்போவதை அவள் யாரிடமும் சொன்னதே இல்லை. தலைமுடிக்காக வந்ததில் அதுவும் வெளியே வந்தது.

கவலையால் நரைக்குமா என்று அவள் கேட்டாளாம். நம் ஊர்க்காரர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. சங்கப் புலவர் பிசிராந்தையாரிடம், இத்தனை வயதாகியும் எப்படி நரைக்கவில்லை என்று கேட்டார்கள். மனைவி மக்கள் நல்லவர்கள், வேலை செய்பவர்கள் மனமறிந்து நடப்பவர்கள், அரசன் தவறு செய்யாதவன், ஊரில் அடக்கமான சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்பதே காரணம் என்று அவர் புறநானூற்றில் பதில் சொல்லியிருக்கிறார். தைலம் எதையும் சொல்லவில்லை. வீடும், வேலையிடமும், அரசும், ஊரும் சரியாக இருந்தால் போதும் என்கிறார்.

2020-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் இதைச் சோதித்தார்கள். கடும் மன அழுத்தத்தில் நரம்பு முனைகள் வெளியிடும் நார்அட்ரினலின், நிறமி செல்களை உருவாக்கும் மூலச் செல்களைத் தீர்த்துவிடுவதைக் கண்டார்கள். 2021-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 14 மனிதர்களின் முடிகளை ஆராய்ந்தது. அவர்களில் ஒருவர் விடுமுறைக்குப் போய் வந்த காலத்தில் ஐந்து முடிகள் நரையிலிருந்து மறுபடி கறுத்திருந்தன. ஐந்தே முடிதான். பல வருடங்களாக நரைத்த தலை இப்படித் திரும்பும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனாலும் பிசிராந்தையார் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அக்கா செய்த இரண்டாவது விஷயம், அந்தப் பெண்ணை 'போடாதே' என்று சொல்லாமல் விட்டது. போடுவதாக இருந்தால் எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அட்டையில் பொடி எழுத்தில் இருப்பதைப் படி. கடைக்காரர் கொடுப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதே. தலைக்குப் போடுவதற்கு இரண்டு நாள் முன்னால் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார். 48 மணி நேரத்தில் அரிப்போ சிவப்போ வந்தால் அதைத் தொடாதே. இதற்கு முன் நூறு தடவை போட்டிருந்தாலும் ஒவ்வொரு தடவையும் சோதித்துப் பார். சொன்ன நேரத்துக்கு மேல் தலையில் விடாதே. கையுறை போட்டுக்கொள். புருவத்துக்கும் இமைக்கும் ஒருநாளும் போடாதே. முக்கியமாக, விளக்கைப் போட்டுக்கொண்டு போடு.

"விளக்கு போட்டா யாராவது பாப்பாங்களேம்மா."

"பாக்கட்டுமே. ஹாஸ்டல்ல உன்ன மாதிரி இன்னும் நாலு பேர் இருட்டுல போட்டுட்டு இருப்பாளுங்க."

அந்தப் பெண் டையை நிறுத்தவில்லை. கல்யாணம் முடியும்வரை போடப்போகிறாள், மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் என்கிறாள். பிறகு பார்த்துக்கொள்வாளாம். அக்காவுக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. 49 வயதுக்கு ஒரு முடிவு, 22 வயதுக்கு ஒரு முடிவு. நாளை மகள் கல்யாணத்தில் தனக்கே அவுரி போட்டுக்கொள்ளத் தோன்றினால் போட்டுக்கொள்ளவும் அவர் தயார். யாராவது என்ன நினைப்பார்களோ என்பதற்காக மட்டும் வேண்டாம், அவ்வளவுதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பாத்ரூம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பழைய டூத் பிரஷ் தையல் மெஷினைத் துடைக்கப் போய்விட்டது. சில வாரம் கணவரோடு சந்திரசூடேஸ்வரர் மலைக்கு ஏறுகிறார். மேலே நின்றால் ஊர் முழுக்கத் தெரியும், தொழிற்சாலைக் கூரைகளும் நெடுஞ்சாலையில் ஊரும் வண்டிகளும். ஓசூர்க் காற்று தோள்வரை இருக்கும் முடியைக் கலைத்துவிடும்.

போன வாரம் அப்படி மலையில் நின்றிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. அஞ்செட்டிப் பெண்.

"காதுக்குப் பின்னாடி நேத்து நைட் வெச்சேன். இதுவரைக்கும் அரிக்கலக்கா."

கடைசியில் இருந்த அந்த 'அக்கா'வை இரண்டு தடவை படித்தார். பிறகு பதில் அனுப்பினார்: "இன்னும் ஒரு நாள் முழுசா ஆகட்டும். அவசரப்படாத."